குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடுமா?

மனைவியை அடிப்பது, மதுப்பழக்கம், மனச்சோர்வு ஆகிய மூன்றும் பல வீடுகளில் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும். ஆனால் ஒன்று போனால் மற்றவை தாமாகப் போய்விடுவதில்லை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29 சதவீதம். தமிழ்நாட்டில் 38 சதவீதம். இந்திய அளவில், கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் இது ஏறத்தாழ 70 சதவீதம். கணவர் குடிக்காத வீடுகளிலும் 23 சதவீதம். குடியால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. அடிக்குக் குடி மட்டுமே காரணமல்ல என்பதும் உண்மை.

மது, மூளையின் முன்பகுதி செலுத்தும் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. குழம்பில் உப்பு குறைந்தாலும் அது அவமதிப்பாகத் தோன்றுகிறது. போதை இறங்கும்போது எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்கின்றன. ஆனாலும் தெருவில் பிறரிடம் அடங்கிப்போகும் கை வீட்டில்தான் ஓங்குகிறது. மனைவியை அடிக்கத் தனக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் குடிக்கு முன்பே அங்கே இருக்கிறது.

ஆண்களின் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வெளிப்படாமல் கோபமாக வெளிப்படுகிறது. கவலையை மறக்கக் குடிப்பவருக்கு அந்தக் குடியே சோர்வை ஆழமாக்குகிறது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. நோயைக் காட்டி வன்முறையை நியாயப்படுத்த முடியாது.

கணவர் அல்லது துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் தெரிவித்தது. தலைவலி, உடம்புவலி, தூக்கமின்மை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண், வலி மாத்திரையோடு திரும்பிவிடுகிறார். கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, “வீட்டில் யாராவது அடிக்கிறாங்களாம்மா?” என்று தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் உதவி கேட்டதுமில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை என்கிறது அதே குடும்பநல ஆய்வு.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் வெளியான இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. இரண்டிலும் ஆலோசனை தந்தவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஒன்றில், அளவுமீறிக் குடித்த ஆண்களில் பலர் குடியைக் குறைத்தனர். ஆனால் மனைவி மீதான வன்முறை குறைந்ததாகத் தெரியவில்லை. மற்றொன்றில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. மூன்று மாதங்களில் சோர்வு குறைந்ததோடு, சிகிச்சை பெற்ற பெண்கள் மீதான உடல் வன்முறையும் குறைந்திருந்தது.

ஆகவே மூன்றையும் சேர்த்தே அணுக வேண்டும். முதலில் பெண், குழந்தைகளின் பாதுகாப்பு. பிறகு கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனியே சிகிச்சை. அச்சம் நிலவும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது, பெண்ணுக்கு மேலும் ஆபத்தாகலாம். கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடி மறக்கும் மருந்தைக் கலப்பதும் கூடாது. அதன்மேல் அவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து. நீண்ட நாள் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் மேற்பார்வை அவசியம்.

பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்பு ஆணையும் அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும் கோரலாம். கணவர் குடியை விடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.