குஞ்சின் நிறமே சொல்லும் ஆணா, பெண்ணா?

முட்டைக்காக வாத்து வளர்ப்பவர்களுக்குக் கையைக் கடிப்பவை ஆண் குஞ்சுகள்தான். ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். பொரிப்பதிலோ ஏறக்குறைய பாதி ஆண். ஏழெட்டு வாரத்தில் குரல் மாறிய பிறகே ஆண் எதுவென்று தெரிந்தால், சேலத்திலிருந்து தீவன மூட்டையை மலையேற்றும் ஏற்காட்டு விவசாயிக்கு எப்படிக் கட்டுபடியாகும்?

பொரித்த அன்றே பிரிக்க ஒரு வழி உண்டு. காக்கி கேம்பல் ஆணை, கருநிற நாட்டுப் பெட்டையோடு சேர்க்க வேண்டும். பெண் குஞ்சுகள் அப்பாவைப் போல வெளிர்பழுப்பாகவும், ஆண் குஞ்சுகள் கருமையாகவும் பிறக்கும். காக்கி நிறத்துக்கான மரபணு பாலினக் குரோமோசோமில் இருப்பதே காரணம். மகளுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான். அது அப்பா கொடுத்தது. மகனுக்கு இரண்டு, அம்மா கொடுத்த கருமை, காக்கியை மறைத்துவிடும். ஜோடியை மாற்றி, கருநிற ஆணைக் காக்கிப் பெட்டையோடு விட்டால் இந்தக் கணக்கு பலிக்காது. ஈரம் காய்ந்த பிறகே நிறம் பார்க்க வேண்டும். நனைந்த குஞ்சு எல்லாமே கருப்பாகத்தான் தெரியும்.

கருநிற ஜோடிக்கு மஞ்சள் குஞ்சு பிறந்தால், முட்டை விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வெள்ளை மரபணு இரு பெற்றோரிடமும் ஒளிந்திருந்தால், சராசரியாக நான்கில் ஒன்று மஞ்சளாகப் பிறந்து வெள்ளையாக வளரும். அந்தக் குஞ்சில் மட்டும் நிறத்தை வைத்து ஆண், பெண் பிரிக்க முடியாது.

இதற்கெல்லாம் முதலில் குஞ்சு பொரிய வேண்டுமே! நாட்டு வாத்து ஒழுங்காக அடைகாப்பது அரிது. எட்டுப் பத்து முட்டைகளை அடைக்கோழிக்கு வைத்து, வெதுவெதுப்பான நீரை அவ்வப்போது தெளிக்கலாம். 28 நாளில் பொரிக்கும். மணிலா வாத்துக்கு 35 நாள். ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ரத்தநாளம் ஓடாத முட்டைகளை எடுத்துவிடலாம்.

இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். சேர்வராயன் மலையில் பலர் ஏமாறுவது ஈரப்பதத்தில்தான். வெளியே பனிமூட்டம் இருந்தாலும், குளிர்ந்த காற்று பெட்டிக்குள் சூடானதும் வறண்டுபோகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. முட்டையின் ஈரம் சீக்கிரம் வெளியேறும். தண்ணீர்த் தட்டு காயவே கூடாது. கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால்தான் உள்தோல் குஞ்சோடு ஒட்டாது.

முதல் ஈட்டில் குஞ்சுகளின் காலில் வளையம் போட்டு, பிறகு குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பெட்டை உரக்கக் கத்தும். ஆணுக்குக் கரகரத்த குரல். இந்தக் கலப்புக் குஞ்சுகளையே வளர்த்து ஜோடி சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஆண், பெண் இரண்டிலும் இரு நிறங்களும் கலந்து வரும். அதனால் காக்கி ஆணையும் கருநிறப் பெட்டைகளையும் இனப்பெருக்கத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.