கேபிளைச் செருகியும் நெட்வொர்க் ஏன் கிடைப்பதில்லை?

திருவாண்டார்கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், சுவரிலிருக்கும் நெட்வொர்க் சாக்கெட்டில் உங்கள் லேப்டாப்பைச் செருகுகிறீர்கள். கேபிளில் பழுதில்லை, இணைப்பு மட்டும் வரவில்லை. ஏன்?

கிராமத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். புதியவர் திண்ணையில் காத்திருப்பார். பேரன் பெயரைக் கேட்டுக்கொண்டு பாட்டியிடம் ஓடுவான்.

அந்தச் சாக்கெட்டின் மறுமுனையில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்தான் அந்தப் பேரன். உங்கள் பெயர், கடவுச்சொல் சரியா என்று அது தானே முடிவு செய்வதில்லை; பாட்டியான ரேடியஸ் சர்வரிடம் கேட்கும். பதில் வரும்வரை வேறு தகவல் எதுவும் உள்ளே போகாது. 2001-இல் வெளிவந்த 802.1எக்ஸ் தரநிலை வகுத்த முறை இது.

அனுமதி கிடைத்தால் எங்கும் போகலாமா? கூடாது. விருந்தாளிக்குக் கூடம், உறவினருக்கு அடுக்களை. அதேபோல் வெளியாருக்கு இணையம் மட்டும், கணக்குப் பிரிவினருக்குக் கணக்கு சர்வர் என்று ஸ்விட்ச் தனித்தனி வழி பிரிக்கும்.

ஸ்விட்சின் அமைப்பையே மாற்றும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே இருக்க வேண்டும். வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே உங்கள் ஸ்விட்சில் இன்னும் இருக்கிறதா? இன்றே மாற்றுங்கள்.