மூன்றடுக்கா, ஐந்தடுக்கா?

மொட்டை மாடிக்குத் தண்ணீர் டேங்க் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது அடுக்குக் கணக்கைத்தான். மூன்றடுக்கு ஒரு விலை, ஐந்தடுக்கு ஒரு விலை. அடுக்கு கூடினால் ஆயுளும் கூடும் என்று நம்பி நாமும் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஆனால் ஒரு டேங்க் உழைக்குமா, வெடிக்குமா என்பது பெரும்பாலும் அது மோல்டுக்குள் வெந்த பக்குவத்தைப் பொறுத்தது. குஜராத்தின் கலோலில் 1970-களில் சின்டெக்ஸ் நிறுவனம் இத்தகைய பிளாஸ்டிக் டேங்குகளைச் செய்யத் தொடங்கியது. டேங்கை மோல்டில் வேகவைத்துச் செய்யும் முறைக்குத் தொழிலில் ரோட்டோ மோல்டிங் என்று பெயர். எடை போட்ட பாலிஎத்திலீன் பவுடரை இரும்புத் தகட்டு மோல்டில் கொட்டி மூடி, சூடேற்றியபடியே இரு திசைகளிலும் உருட்டுவார்கள். பெரிய டேங்க் என்றால், மோல்டு ஒரு பக்கம் முழுதாகச் சுற்ற, மறுபக்கம் தொட்டில்போல ஆட, கீழே பர்னர் எரியும். சுழற்சி வேகத்தால் பிளாஸ்டிக் சுவரில் அப்பிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அரை மீட்டர் ஆரமுள்ள மோல்டு நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றினால் எழும் விசை, புவியீர்ப்பில் ஏறக்குறைய 18-ல் ஒரு பங்குதான். பவுடர் எப்போதும் அடியிலேயே கிடக்கும். சூடான சுவர் அதன் அடியில் வந்துபோகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும். அழுத்தம் இல்லை, ஒட்டுப்போட்ட இணைப்பும் இல்லை.

அழுத்தம் இல்லாததால் பவுடர் மணிகளுக்கிடையே சிக்கிய காற்றைப் பிதுக்கி வெளியேற்ற வழியில்லை. அது உருகிய பிளாஸ்டிக்கிலேயே கரைந்தாக வேண்டும். அதற்கு நேரமும் சூடும் வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் சூடு சுமார் 200 டிகிரியைத் தொடுமுன் இறக்கிவிட்டால் சுவரெங்கும் குமிழி நிற்கும். கூடுதலாக வைத்தால் உள்முகம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நொறுங்கும் தன்மை பெறும். வாங்குபவர் கண்ணுக்கு இரண்டு டேங்குமே பளபளப்பாகத்தான் இருக்கும்.

அடுக்குகள் வெறும் விளம்பரமா என்றால், அப்படியும் இல்லை. கருப்பு அடுக்கிலுள்ள கார்பன் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெளிச்சம் புகாததால் பாசியும் பிடிப்பதில்லை. உள்ளே வெள்ளை இருந்தால் அழுக்கு தெரியும். இந்த வேலைகளுக்கெல்லாம் இரண்டு அடுக்கு போதும். அதே எடை பவுடரை ஐந்தாகப் பங்கிட்டால் சுவர் தடிக்காது. இவ்வளவு மெதுவான முறையை விட்டு இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு மாறலாமே என்றும் கேட்கலாம். பக்கெட்டுக்கு அது சரி, நொடிகளில் முடியும். ஆயிரம் லிட்டர் டேங்குக்கோ பிரம்மாண்டமான அழுத்தத்தைத் தாங்கும் மோல்டு வேண்டும். அந்தச் செலவு கட்டாது. மூடிய குடத்தை அதில் ஒரே வார்ப்பில் எடுக்கவும் முடியாது.

ஐ.எஸ். 12701 முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதன் பிறகு, குழாய் இணைக்க பிளம்பர் துளை போடும்போது வட்டமாகக் கழன்று விழும் துண்டை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். உள்பக்கம் ஓரிரு குமிழி இருந்தால் பாதகமில்லை. தடிமன் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருந்தால் டேங்க் வேகவில்லை என்று அர்த்தம்; எத்தனை அடுக்கு என்று பில்லில் போட்டிருந்தாலும் சரி.