விண்ணில் அளந்ததைத் தரையில் சரிபார்ப்பது

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச்சில் சார்லஸ் கீலிங்கின் கருவி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியது. அப்போது கிடைத்த அளவு ஏறத்தாழ 313 பிபிஎம். அதாவது உலர்ந்த காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 313. இன்று அங்கே அது 420-ஐத் தாண்டிவிட்டது.

அந்த நிலையத்தில் காற்றை உள்ளிழுத்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளக்கிறார்கள். அளவு துல்லியமாகத் தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர்கள்தான் அதற்கு முத்திரையிட்ட எடைக்கல். 2014 ஜூலையில் நாசா ஏவிய ஓசிஓ-2 செயற்கைக்கோளுக்கு அப்படி எதுவும் கிடையாது. 705 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலை அது நிறம் பிரித்துப் பார்க்கிறது. கார்பன் டை ஆக்சைடு சில குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்கும். எவ்வளவு ஒளி காணாமல் போயிருக்கிறது என்பதிலிருந்து வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. ஆக்சிஜன் விழுங்கிய ஒளியையும் கூடவே அளக்கிறார்கள். ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்பது அதிலிருந்து தெரியும்.

ஆக, இரண்டும் அளப்பது ஒரே பொருளை அல்ல. மௌனா லோவா சொல்வது கருவியைச் சூழ்ந்த காற்றைப் பற்றி. செயற்கைக்கோள் தருவது தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை உள்ள காற்றுத்தூண் முழுவதன் சராசரி. வடகோளக் கோடையில் காடும் பயிரும் வாயுவை இழுக்கும்போது தரையருகே அளவு வெகுவாக இறங்கும். தூணின் சராசரி அந்த அளவுக்கு அசையாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒன்று தவறு என்பது சரியாகாது.

இரண்டையும் இணைப்பது டிக்கான் என்ற தரை நிலையங்களின் வலையமைப்பு. 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், பார்க் ஃபால்ஸில் அதன் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள நிறமாலைமானி நேராகச் சூரியனையே பார்க்கிறது. அதே காற்றுத்தூண்தான், ஆனால் ஒளி தரையில் பட்டுத் திரும்புவதில்லை. அதனால் தூசியும் மணலின் பளபளப்பும் கணக்கை அவ்வளவாகக் குழப்புவதில்லை. விமானத்தில் கொண்டுபோகும் கருவிகளைக் கொண்டு அந்த நிலையங்களையே சரிபார்க்கிறார்கள். அந்தக் கருவிகள் அதே சிலிண்டர் அளவுகோலைச் சார்ந்தவை. ஓசிஓ-2 கடந்து செல்லும்போது உடலைச் சாய்த்து ஒரு நிலையத்தையே பல நிமிடம் உற்றுப் பார்க்கும். இப்படி ஒப்பிட்டுத் திருத்தியபின் வேறுபாடு பெரும்பாலும் அரை பிபிஎம் அளவில் நிற்கிறது. 400-க்கு மேற்பட்ட எண்ணில் இது அரிய சாதனை. இந்தக் கறார் தேவையும்கூட: ஒரு பெருநகரின் புகை தூணின் சராசரியை ஓரிரு பிபிஎம்தான் உயர்த்தும்.

மேகம் மறைத்தால் செயற்கைக்கோளால் அளக்க முடியாது. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், பயிர் செழித்து வாயுவை இழுக்கும் அதே மாதங்களில், நல்ல அளவீடுகள் குறைந்துவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப, மழையிலும் காற்றை உள்ளிழுத்து அளக்கும் தரை நிலையங்கள் நமக்கு இன்னும் வேண்டும்.