உங்களுக்குத் தெரியுமா? சாம்பலுக்குள் தூங்கும் கங்கு

பதுளைத் தோட்டங்களில் லயத்து அடுப்பு காலையில் ரொட்டிக்கும் இரவில் சோற்றுக்கும் எரிகிறது. இடையில் சாம்பலை அள்ளாவிட்டால் விறகுக்கு அடியில் காற்று போகாது. அரைகுறையாக எரிந்து காம்பிரா முழுக்கப் புகை. விறகில் தேயிலை காயவைக்கும் தொழிற்சாலை உலைக்கும் இதே விதிதான்.

ஆனால் வீட்டு அடுப்பை வழித்துத் துடைத்துவிடாதீர்கள். அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் கிடந்தால் சூடு தரைக்குள் இறங்காது.

சூட்டைப் பிடித்துவைக்கும் அந்தக் குணமே ஆபத்தும்கூட. ஆறியதுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் கனன்றிருக்கும். வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் ஒரு பொறி போதும். சாக்கில் கட்டாதீர்கள், பலகைச் சுவரோரம் கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே வையுங்கள்.

நன்றாக ஆறியது வீணல்ல. அதில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு. 1807இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியம் என்ற உலோகத்தின் பெயரே ‘பானைச் சாம்பல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கோவா, போஞ்சிப் பாத்தியில் கொஞ்சமாகத் தூவுங்கள். தேயிலைத் தூரில் மட்டும் கொட்ட வேண்டாம்: தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பலோ காரம்.