பிளக் ஒன்றுதான், பேச்சு வேறு

மின்னணு டிரம்மில், யமஹாவின் மூன்று பகுதி சிம்பல் பேடை ரோலண்டின் ஒலி மாட்யூலில் செருகினால் சத்தம் வரும். ஆனால் சிம்பலின் நடுவிலுள்ள மணிப் பகுதி ஊமையாகிவிடலாம். இரண்டிலும் அதே 6.3 மி.மீ. ஸ்டீரியோ பிளக்தானே, பிறகு ஏன்?

பேடுக்குள் ஒலி எதுவும் இல்லை. பித்தளைத் தகட்டில் ஒட்டிய மெல்லிய பீங்கான் வில்லைதான் இருக்கிறது; பெயர் பீசோ. குச்சி பட்டு அது அதிர்ந்ததும் நொடிப்பொழுது மின்னழுத்தம் எழும். அதன் உயரத்தைப் பார்த்து மாட்யூல் அடியின் வேகத்தைக் கணிக்கிறது.

சிக்கல் ஸ்டீரியோ கேபிளின் இரண்டாவது கம்பியில். சில பேடுகளில் விளிம்புக்கும் தனி பீசோ. சிலவற்றில் வெறும் சுவிட்ச். சுவிட்சை எதிர்பார்க்கும் மாட்யூலுக்கு பீசோவின் துடிப்பு புரியாது. யமஹா, வெவ்வேறு மின்தடைகளை வைத்து மூன்று பகுதிகளையும் ஒரே கேபிளில் அனுப்புகிறது. ரோலண்டின் சிஒய்-15ஆர் ரைடு சிம்பலுக்கோ இரண்டு கேபிள் வேண்டும்.

மாட்யூலின் மெனுவில் சென்சிடிவிட்டி, த்ரெஷோல்டு போன்றவற்றை மாற்றினால் ஒரு அடி இரண்டாகக் கேட்பது, மெல்லிய அடி விழாமல் போவது எல்லாம் சரியாகும். உள்வயரிங் வேறென்றால் எந்த மெனுவும் உதவாது. வாங்குமுன் மாட்யூலுக்குப் பொருந்தும் பேடுகளின் பட்டியலைப் பாருங்கள். யுஎஸ்பி வழி இணையும் டிஜிட்டல் பேடு என்றால் வேறு நிறுவன மாட்யூலை மறந்துவிடலாம்.