மூளைக்குள் கருவி: சோதனை முடிந்தபின் பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் அறுவைச் சிகிச்சை கொல்கத்தாவிலும் செய்யப்படுகிறது. மின்முனையிலிருந்து தோலுக்கடியில் செல்லும் கம்பி, மார்பில் வைக்கப்படும் பேட்டரியோடு இணைகிறது. சாதாரண பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதை மாற்ற மீண்டும் அறுவை. மீண்டும் லட்சக்கணக்கில் செலவு. அங்கீகாரம் பெற்ற சிகிச்சைக்கே இந்த நிலை என்றால், சோதனையில் உள்ள கருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கை, கால் செயலிழந்தோர் எண்ணத்தாலேயே கணினியை இயக்க உதவும் கருவியை, அமெரிக்காவின் பிரெயின்கேட் குழுவினர் 2004-இல் ஒருவருக்குப் பொருத்தினர். எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் மனிதரிடம் சோதனையைத் தொடங்கியது. இவை தரும் நம்பிக்கை பொய்யானதல்ல. ஆனால், வலிப்பு வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை ஆஸ்திரேலியாவில் 15 பேரிடம் சோதித்த நியூரோவிஸ்டா நிறுவனம் பணமின்றி முடங்கியது. கருவியை இழக்க மனமில்லாத ஒரு பெண்ணின் தலையிலிருந்தும் அது அகற்றப்பட்டது.

நிறுவனங்களைக் கேள்வி கேட்க இந்தியாவில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 6-ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வழியில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் தேவை. அதோடு, அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் தேவை. அக்குழுவில் பாதிக்குக் குறையாத உறுப்பினர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ, அவர்களது பதிவுபெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். மருத்துவர்களும் அதிகாரிகளும் மட்டும் கூடி முடிவெடுக்க முடியாது என்பதே இதன் பொருள். பார்கின்சன் நோயும் இச்சட்டத்தின் பட்டியலில் உள்ளது.

இத்தகைய காப்பு ஏன் தேவை என்பதை கொல்கத்தா அறியும். குயினாக்ரின் என்ற மலேரியா மருந்தைக் கருப்பைக்குள் வைத்து நிரந்தரக் கருத்தடை செய்யும் முறை, 1990-களில் அந்நகரிலும் நாட்டின் பிற இடங்களிலும் உரிய அனுமதியின்றி ஏழைப் பெண்களிடம் கையாளப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகே, 1998-இல் தடை வந்தது.

கொல்கத்தாவின் பன்ஹூக்ளியில் உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 1978-இல் தொடங்கப்பட்டது. மூளைக் கருவிச் சோதனை இந்தியாவுக்கு வரும் நாளில், இத்தகைய இடங்களுக்கு வருவோரைத்தான் நிறுவனங்கள் முதலில் தேடும். அன்று நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்விக்கான பதில் வங்க மொழியில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும்: சோதனை முடிந்தபின் பேட்டரியை மாற்றவும், கருவியை அகற்றவும் பணம் கட்டப்போவது யார்?